பெரியப்பா மேல துப்பிய அம்புக்குறி

எங்க குடும்பத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆறு வருஷம் பேசிக்காம இருந்தாங்க. சொத்துத் தகராறுன்னுதான் ஊரே நினைச்சுது. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். போன பொங்கலுக்குப் போடிக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, காரணம் 224ங்கிற ஒரு எண்.

சிரிக்காதீங்க. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் சிரிங்க.

பெரியப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. இருக்குறதுலயே சின்ன வயசுக்காரன் நான்தான், இருபத்தெட்டு. அதனால ஏணி என் தலையில. மேல ஏறினா ஏலக்காய்ச் சாக்கு வாசனை இன்னும் போகாம இருக்கு. ஸ்டோரை வித்து எத்தனையோ வருஷம் ஆச்சு, சாக்கு மட்டும் மறக்கலை. ஒரு தகரப் பெட்டிக்குள்ள பெரியப்பாவோட கணக்கு நோட்டுகள், அதுக்கு நடுவுல நாலா மடிச்ச ஒரு பிரிண்ட் அவுட். 2005ஆம் வருஷத் தேதி. சென்னையில இருந்த சித்தப்பா அனுப்பின மெயில். பெரியப்பாவுக்கு ஏது மெயில் ஐடி? பஜார்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல இறக்கி, தாள்ல அடிச்சுக் கொண்டுவந்து குடுத்திருக்காங்க.

அதுல இருந்த சில வரிகளை அப்படியே தர்றேன்.

மேட்டுத் தோட்டம் தூ அண்ணனுக்கு
ஸ்டோர் தூ அண்ணனுக்கு
போடி வீடு தூ அம்மா இருக்குற வரைக்கும் அம்மாவுக்கு
கடன் பாக்கி தூ நான் பாத்துக்கிறேன்

அதுக்குக் கீழ, பேசி முடிக்க நேர்ல வர்ற விவரம்: சென்னை தூ மதுரை தூ போடி. மறுநாள் எல்லாரும் தோட்டத்தைப் பாக்கப் போற வழி: போடி தூ முந்தல் தூ போடிமெட்டு தூ பூப்பாறை.

தாத்தா இறந்து நாலு மாசம். பங்கு பிரிக்கிற பேச்சு. ஏற்கெனவே மனசு புண்ணா இருந்த மூத்த மனுஷன், வரிக்கு வரி தம்பி 'தூ'ன்னு துப்பியிருக்கான்னு படிச்சா என்ன ஆகும்? "ஸ்டோரு... தூ... அண்ணனுக்கு" அப்படின்னு சத்தமாப் படிச்சுப் பாருங்க, தெரியும். பெரியப்பா தாளை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டார். போன் வந்தா எடுக்கலை. யாரோ நடுவுல போய் "ஏம்ப்பா அண்ணனைத் துப்பி எழுதினே?"ன்னு சித்தப்பாவைக் கேட்டிருக்காங்க. அவருக்குத் தலையும் புரியலை, காலும் புரியலை. "நான் எங்க துப்புனேன்? கடனைக்கூட நானே கட்டுறேன்னுதான எழுதினேன்"னு அவருக்கும் கோவம். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. ரெண்டு பேர் கண்ணு முன்னாடியும் இருந்தது வேற வேற கடுதாசி.

சித்தப்பா அடிச்சது இதுதான்: ரெண்டு சின்னக் கோடு, ஒரு கூர்முனை. அதாவது -->. அம்புக்குறி.

சரி, அம்பு எப்படித் 'தூ' ஆச்சு? இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்திச் சுருள் சுத்திக்கிறேன்.

வழி காட்ட அம்பு வரையுறது ஏதோ ஆதிகாலப் பழக்கம் மாதிரி தோணும். அப்படி இல்லையாம். வேட்டையும் போரும் பழசு, அம்பை ஒரு குறியா வச்சு 'இந்தப் பக்கம்'னு சொல்றது புதுசு. 1737இல் வெளிவரத் தொடங்கிய, நீர்ப்பொறியியல் பத்தின ஒரு பிரெஞ்சு நூல்ல, பெலிடோர்ங்கிற பொறியாளர் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்ட அம்பு போட்டார். ஆரம்பகால உதாரணங்கள்ல அதையும் ஒண்ணாச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி புத்தக ஓரத்துல ☞ இப்படி ஒரு கைவிரலைத்தான் நீட்டிட்டு இருந்தாங்க.

கணினிக்குள்ள வந்தப்போ அம்புக்கு ராஜ மரியாதை. 1963இல் வந்த முதல் ஆஸ்கி தரத்துல ரெண்டு அம்புக்கு இடம் இருந்துச்சு. 94ஆம் எண்ணுல மேல்நோக்கிய அம்பு ↑, 95ல இடப்பக்க அம்பு ←. மொத்தமே 128 இடம், அதுல ஆங்கிலச் சின்ன எழுத்துகளுக்கே அப்போ இடம் ஒதுக்கி முடிக்கலை, ஆனா அம்புக்கு ரெண்டு! நாலு வருஷம்தான் நிலைச்சுது. 1967 திருத்தத்துல 94ஆம் இடம் ^ குறிக்குப் போச்சு, 95ஆம் இடம் அடிக்கோட்டுக்கு _ போச்சு. எழுத்து மேல தொப்பி வச்சுக்கிற பிரெஞ்சு மாதிரி மொழிகளுக்கு அந்த ^ தேவைப்பட்டுச்சு.

எக்ஸல்ல ரெண்டின் மூணாம் அடுக்குன்னு சொல்ல 2^3 அடிக்கிறோமே, அந்தத் தொப்பி யாருன்னு நினைக்கிறீங்க? பழைய பேசிக் மொழியில அடுக்குக்குக் குறி ↑ தான். அம்பு காலி பண்ணிட்டுப் போன வீட்டுல குடிவந்த ^, அம்பு பாத்த வேலையையும் சேர்த்துப் பாத்துட்டு இருக்கு. பாஸ்கல்ல சுட்டிக்கு ^ போடுறதும் அதே கதைதான். காலேஜ்ல லேப் எக்ஸாமுக்கு இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினேன், யாரும் ஏன்னு சொல்லலை.

வீடு போன அம்பு அடுத்து எங்க ஒண்டுச்சு? 1981இல் ஐபிஎம் பிசி வந்துச்சு. அதுல 0 முதல் 31 வரைக்குமான எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளோட இடம். எழுத்து இல்லை, 'மணி அடி', 'அடுத்த வரிக்குப் போ' மாதிரி உத்தரவுகள். திரையில காட்டுறப்போ அந்த எண்களுக்கும் சும்மா இருக்கக் கூடாதுன்னு படம் வச்சாங்க. 24, 25, 26, 27 நாலும் அம்பு: ↑ ↓ → ←. திரையில பாக்க அழகு. ஆனா உள்ள என்ன நடக்கும்? 26ங்கிறது டாஸ்ல 'கோப்பு முடிஞ்சுது'ன்னு அர்த்தம். ஒரு கோப்புக்கு நடுவுல வலப்பக்க அம்பைப் போட்டுட்டு டைப் கட்டளையில திறந்தா, அம்போட கதை முடியும். மீதி வரியெல்லாம் அம்போ! 27 அதுக்கு மேல. அது எஸ்கேப். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அதை அனுப்பினா, அடுத்து வர்ற எழுத்தை உத்தரவா எடுத்துக்கிட்டு எழுத்தைத் தடிமனாக்கும், இல்லைன்னா வேற ஏதாவது கூத்து பண்ணும்.

ஆக, அம்பு அப்போ ஒரு வேஷம். எண் ஒருத்தனோடது, முகம் மட்டும் அம்போடது.

அடுத்த வேஷம் இன்னும் பெருசு. எழுத்து வடிவங்கள் வரையுற சார்லஸ் பிகலோ, கிறிஸ் ஹோம்ஸ் ரெண்டு பேரும் அம்பு, நட்சத்திரம், சின்னச் சின்னப் படங்கள்னு ஒரு தொகுப்பு வரைஞ்சாங்க. அதை 1990இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, விங்டிங்ஸ்னு பேர் வச்சு, 1992இல் வந்த விண்டோஸ் 3.1 கூடவே குடுத்துச்சு. இதுல ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு எழுத்தோட எண்ணுல உக்காந்திருக்கும். சிரிக்கிற முகம் 74ல, அதாவது ஆங்கில 'ஜே' இடத்துல. மெயில்ல சம்பந்தமே இல்லாம வரிக் கடைசியில ஒத்தை 'ஜே' நிக்கிறதைப் பாத்திருப்பீங்களே? யாரோ சிரிச்சிருக்காங்க, உங்களுக்கு முகம் வந்து சேரலை, அவ்வளவுதான்.

வலப்பக்க அம்பு உக்காந்திருந்தது 224ல. மேற்கு ஐரோப்பிய எழுத்துவரிசையில அது தலைக்கு மேல சாய்கோடு போட்ட ஒரு 'ஏ', பிரெஞ்சுல நிறைய வரும். --> அடிச்சா தானா விங்டிங்ஸ் அம்பா மாத்தித் தர்ற வசதி சில எழுது மென்பொருள்கள்ல இருந்துச்சு. மாத்துறப்போ அது எழுதுற விஷயம் ரெண்டு: ஒண்ணு 224ங்கிற எண், இன்னொண்ணு 'இதை விங்டிங்ஸ்ல காட்டு'ங்கிற குறிப்பு. ரெண்டும் சேந்து போனாத்தான் அம்பு. வழியில குறிப்பு உதிர்ந்துட்டா வெறும் 224.

பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு எழுத்து நடுவுல முளைக்கும், தோளைக் குலுக்கிட்டுப் போயிடுவான். நம்ம கதை வேற. ஏன்னா அந்த நேரத்துல தமிழும் இதே வேஷத்துலதான் இருந்துச்சு.

இளவட்டங்களுக்குத் தெரியாம இருக்கலாம் (எனக்கே கேள்வி ஞானம்தான், அப்போ நான் ரெண்டாங்கிளாஸ்). யூனிகோடு பரவலாகுறதுக்கு முன்னாடி தமிழ்ல ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு வரிசை. ஒரு எழுத்துருவுல 'அ' இருக்குற எண்ணுல இன்னொண்ணுல 'ழ' இருக்கும். ஒருத்தர் எழுதினதைப் படிக்க அவர் எழுத்துருவையும் சேத்து வாங்கணும். இந்தக் கூத்தை முடிக்க, 1997லருந்து லோசான்ல இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் மாதிரி பலர் மின்னஞ்சல்லயே கூடிப் பேசி ஒரு பொது வரிசை போட்டாங்க. அதுதான் டிஸ்கி. (பதிவுக்குக் கடைசியில போடுற டிஸ்கி இல்லை, இது எழுத்துக் குறியீடு!) 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாப், டாம்னு வேற ரெண்டு வரிசைகள் வந்துச்சு. தமிழனுக்கு ஒரு தரம் எப்படிப் போதும்?

டிஸ்கியோட புத்திசாலித்தனம் என்னன்னா, 0 முதல் 127 வரைக்கும் ஆங்கிலத்தைத் தொடாம அப்படியே விட்டுட்டு, 128க்கு மேல இருக்குற ஐரோப்பிய எழுத்துகளோட நாற்காலிகள்ல தமிழை உக்கார வச்சது. 171ல 'அ'. 184ல இருந்து 'க ங ச ஞ'. 204லருந்து 'கு சு டு' வரிசை. 220ல 'கூ', 221 'சூ', 222 'டூ', 223 'ணூ', அடுத்து...

224, 'தூ'.

இதை நான் ராத்திரி பதினோரு மணிக்கு, பெரியப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்து, போன்ல டிஸ்கி அட்டவணையை விரலால தள்ளித் தள்ளிக் கண்டுபிடிச்சேன். கொசு கடிச்சதுகூடத் தெரியலை.

நடந்தது இதுதான். சித்தப்பா ஆபீஸ் கணினியில டிஸ்கி எழுத்துருவுல தமிழ் அடிச்சிருக்கார். நடுவுல --> போட்டார். மென்பொருள் அதைப் பிடுங்கிட்டு விங்டிங்ஸ் 224ஐ வச்சுது. அவர் திரையில தமிழ் தமிழாவும், அம்பு அம்பாவும் நின்னுச்சு. போடியில பிரவுசிங் சென்டர் பையன் மெயிலைத் திறந்தான். உலாவியில என்கோடிங் மெனுவுக்குப் போய் 'யூசர் டிஃபைன்ட்' தேர்ந்தெடுத்து, டிஸ்கி எழுத்துருவைக் காட்டினான். தமிழ் படிக்க அன்னிக்கு அதுதான் வழி. மெயில் வெறும் எழுத்தா வந்து சேந்திருந்ததால, எந்த எழுத்துக்கு எந்த எழுத்துருங்கிற குறிப்பு எல்லாம் உதிர்ந்து போச்சு. இப்போ 224ஐப் பாத்த கணினிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: தூ.

அந்தப் பையன் மேல தப்பு இல்லை, சித்தப்பா மேலயும் இல்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தோட நாற்காலியில அம்பும் தமிழும் ரெண்டு பேருமே டிக்கெட் இல்லாம உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் மடியில இன்னொருத்தர். எழுத்துரு பேர் கூட இருக்குற வரைக்கும் யாருக்கும் தெரியலை.

அதிர்ஷ்டத்தையும் பாருங்க. <-- அடிச்சிருந்தா 223, 'ணூ' வந்திருக்கும். ==> அடிச்சிருந்தா 232, 'ழூ'. "ஸ்டோர் ழூ அண்ணனுக்கு"ன்னு இருந்தா பெரியப்பா சிரிச்சுட்டு, "என்னடா கெரகம் இது, கம்ப்யூட்டர் கோளாறு"ன்னு போன் போட்டிருப்பார். 247 எழுத்துல, தனியா நின்னாலே வசவா மாறுற எழுத்து எத்தனை இருக்கும்? அதுல ஒண்ணுதான் வந்து விழுந்துச்சு. தப்பு தப்பாத் தெரிஞ்சா ஆபத்தில்லை. அது அர்த்தத்தோட வந்து உக்காந்துச்சு பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

இத்தனைக்கும் அம்புக்கும் தமிழுக்கும் 1991லயே பட்டா போட்டாச்சு. அந்த வருஷம் வந்த யூனிகோடு முதல் பதிப்புலயே ரெண்டு பேருக்கும் சொந்த இடம் உண்டு. தமிழுக்கு 2944லருந்து 3071 வரைக்கும். அம்புகளுக்கு 8592லருந்து 8703 வரைக்கும். நம்ம → எண் 8594. அது அம்பு மட்டும்தான், எந்த எழுத்துருவைக் கழட்டினாலும் அம்புதான். 'தூ'வுக்குத் தனி எண்ணே கிடையாது. த 2980, அதோட ஊகாரக் குறி 3010, ரெண்டும் அடுத்தடுத்து நின்னா காட்டுறப்போ சேத்து 'தூ'ன்னு வரையணும். இனிமே இந்த ரெண்டும் முட்டிக்க வழியே இல்லை.

ஒரு சின்ன வயித்தெரிச்சல். அந்த அம்புத் தொகுதியில 112 இடம், 2002ல எல்லாம் நிரம்பிடுச்சு. அதுபோக துணைத் தொகுதிகள் வேற. தமிழ்த் தொகுதியில இருக்குறது 72 குறி. வளைஞ்ச அம்பு, இரட்டைக் கோட்டு அம்பு, வெட்டுப்பட்ட அம்புக்கெல்லாம் தனித்தனி எண். நம்ம உயிர்மெய்க்கு மட்டும் ஒட்டுப்போட்டு வாழ்க்கை. இந்த வருத்தத்துலதான் உயிர்மெய்க்கெல்லாம் தனி எண் தர்ற டேஸ்16 பிறந்துச்சு, 2010ல தமிழக அரசு யூனிகோடோட சேத்து அதையும் ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. ஆனா நாம எல்லாரும் இப்போ எழுதுறது யூனிகோடுதான். என்னைக் கேட்டா ஒட்டுப்போட்டாலும் பரவாயில்லை, ஊரெல்லாம் ஒரே எண்ணா இருந்தாப் போதும். பெரியப்பா கதையைக் கேட்டப்புறம் அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

1991லயே பட்டா போட்டிருந்தும் 2005ல ஏன் இந்தக் கூத்து? பட்டா வேற, குடிபோறது வேற. விண்டோஸ் 2000தான் லதா எழுத்துருவோட யூனிகோடு தமிழைக் காட்ட ஆரம்பிச்சது. ஆபீஸ்ல பழைய கணினி, பஜார்ல அதைவிடப் பழைய கணினி. 2003, 2004ல வலைப்பதிவுகள் வந்தப்புறம்தான் நம்மாட்கள் கூட்டங்கூட்டமா யூனிகோடுக்கு மாறினாங்க. சித்தப்பா வலைப்பதிவு ஆள் இல்லை.

மாறுற காலத்துலயும் அம்பு சும்மா இருக்கலை. யூனிகோடு எண்ணை யுடிஎஃப்-8 முறையில சேமிக்கிறப்போ 8594 மூணு துண்டாகும்: 226, 134, 146. அந்தப் பக்கத்தைப் பழக்க தோஷத்துல டிஸ்கி எழுத்துருவுல திறந்தா, 226 'பூ', 134 'ஹ', 146 ஒரு மேற்கோள் குறி. ஆக, பூஹ’. துப்பறதுக்குப் பூ பரவாயில்லைதான் :-)

இப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னா, முக்கால்வாசி. தமிழ் எழுத்துருக்கள் பலதுல அம்பே இருக்காது. அப்போ கணினி பக்கத்து வீட்டு எழுத்துருவுல கடன் வாங்கிக் காட்டும். அதனாலதான் சில நேரம் அம்பு மட்டும் ஒல்லியாவோ, வரியை விட்டுத் தூக்கலாவோ நிக்கும். கடனும் கிடைக்கலைன்னா வெறும் கட்டம். அந்தக் கட்டத்துக்கு ஆங்கிலத்துல செல்லப்பேர் டோஃபு. அது வரவே கூடாதுன்னுதான் கூகுள் தன்னோட எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோன்னு பேர் வச்சுது. போன்ல நீல டப்பாவுக்குள்ள வர்ற அம்பு வேற ஆள், அவர் எண் 10145. ஹெர்மன் ஸாஃப் 1978ல வெளியிட்ட குறித்தொகுப்பு வழியா வந்தவர். அதுக்குப் பின்னாடி 65039ஐக் கண்ணுக்குத் தெரியாம ஒட்டினா வண்ண டப்பா, 65038ஐ ஒட்டினா சாதாக் கருப்பு அம்பு. விங்டிங்ஸ் அம்புகளுக்கும் 2014ல யூனிகோடு 7ல சொந்த வீடு கிடைச்சாச்சு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நம்ம மலை ஏலக்காய் சவுதிப் பக்கம் நிறையப் போகுது இல்லையா, அரபு எழுத்து வலமிருந்து இடம். அரபுல அடைப்புக்குறி போட்டா கணினி தானா திருப்பிக் காட்டும். அம்பை மட்டும் திருப்பாது. ஏன்னா யூனிகோடுல அதோட பேர் 'அடுத்தது' இல்லை, 'வலப்பக்க அம்பு'. எங்க பாக்குதுன்னுதான் அதுக்குத் தெரியும், என்ன சொல்ல வருதுன்னு தெரியாது. அது எழுதுறவன் பாடு.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ரெண்டு பேரும் திரும்பப் பேசினது 2011ல, அப்பத்தா இறந்தப்போ. சித்தப்பா பஸ்ல வந்து இறங்கினார். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில நின்னு போயிருந்துச்சு (திரும்ப அகலப் பாதையா வந்தது 2023 ஜூன்ல). பெரியப்பா வாசல்ல நின்னார். "வா"ன்னார். அவ்வளவுதான். அந்த மெயிலைப் பத்தி ரெண்டு பேரும் அதுக்கப்புறமும் பேசலை. அதுக்குள்ள மேட்டுத் தோட்டமும் ஸ்டோரும் கைமாறிப் போயிருந்துச்சு. கடனை யார் கட்டுறதுன்னு கேக்க ஆள் இல்லாம, பெரியப்பா ஒத்தையாளா வித்துத்தான் கட்டினார்.

கண்டுபிடிச்ச மறுநாள் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். அந்த மெயிலைத் தன்னோட இன்னொரு கணக்குக்கும் அன்னிக்கே ஒரு நகல் அனுப்பி வச்சிருந்திருக்கார். தேடி எனக்கு அனுப்பினார். அதுவும் வெறும் எழுத்துதான். எனக்கென்ன, இன்ஜினியராச்சே, பைத்தான்ல பத்து வரி எழுதினேன். டிஸ்கியை யூனிகோடா மாத்து, 224 வந்தா → போடு. ஓட்டினேன். "ஸ்டோர் → அண்ணனுக்கு." அடடா! பெருமையா கீழ வந்தா, கடைசிப் பத்தி இப்படி நிக்குது:

"→ரமா இருக்கேன்ணே, நெனைச்சா வர முடியல. அப்பாவைத் →க்கிட்டுப் போனப்பகூட நான் பின்னாடிதான் வந்தேன்."

தூரமா. தூக்கிட்டு. நிஜத் தூவும் 224தான், பொய்த் தூவும் 224தான். எண்ணை மட்டும் பாத்து எது எதுன்னு சொல்ல எந்த நிரலாலயும் முடியாது. தொலைஞ்சது தொலைஞ்சதுதான். ரெண்டு பக்கமும் இடைவெளி இருந்தா அம்புன்னு ஒரு விதி போட்டுப் பாத்தேன். சித்தப்பா ஒரு இடத்துல இடைவெளி விடாம அடிச்சிருக்கார், அதுலயும் மாட்டுச்சு.

கடைசியில பைத்தானை மூடிட்டு, பழைய பிரிண்ட் அவுட்டையே பெரியப்பாகிட்ட கொண்டுபோனேன். இது துப்பினது இல்லை பெரியப்பா, அம்புக்குறின்னு சொன்னேன். 224 கதையெல்லாம் அவர்கிட்ட எடுபடலை. பரண்ல கிடைச்ச அவரோட கணக்கு நோட்டையே பிரிச்சுக் காட்டினேன். மேற்படிக்கு ௸ போட்டு எழுதுற பழைய கை. அதுல அவரே பேனாவால போட்டிருக்கார்: "மேட்டுத் தோட்டம் → ஸ்டோர், பச்சைக்காய் 3 மூட்டை".

கொஞ்ச நேரம் நோட்டையும் தாளையும் மாத்தி மாத்திப் பாத்தார்.

"பேனா குடுறா."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மேலருந்து ஒவ்வொரு தூவையும் அடிச்சு, அதுக்கு மேல ஒரு அம்பு போட்டுட்டே வந்தார். இடைவெளி விடாத இடத்தையும் விடலை. 'கடன் பாக்கி'கிட்ட வந்தப்போ பேனா நின்னுச்சு. ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் அதுக்கும் அம்பு போட்டார்.

கடைசிப் பத்திக்கு வந்தார். 'தூரமா'வைத் தொடலை. 'தூக்கிட்டு'ங்கிறதுல விரலை வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார்.

"இது ரெண்டும் அவன் எழுதுனதுதான்டா"ன்னார். "அவன் நம்பரைப் போடு."